உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி.யுடன் காசநோயும் சேர்ந்தால்…
எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்குக் காசநோய் வந்தால், முதலில் காசநோய் மருந்து தொடங்கும். மூளை உறையைக் காசநோய் தாக்காதவரை, 2 வாரத்துக்குள் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தும் சேரும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, ஏ.ஆர்.டி.யிலுள்ள டொலுடெக்ராவிரை வேகமாகச் சிதைக்கும். அதனால் தினம் ஒருமுறை 50 மி.கி. என்பது, 12 மணி நேர இடைவெளியில் இருமுறையாகிறது. ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அப்படியே தொடரும்.

ஏ.ஆர்.டி.யின் தொடக்க வாரங்களில் காய்ச்சல் திரும்பலாம், நெறி கட்டலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்தத் தோன்றும் நேரம் இதுதான், நிறுத்துவது பேராபத்து. மீண்டெழும் எதிர்ப்பாற்றல் காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டு தாக்குவதாலும் இப்படி நேரும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் மையங்களில், காசநோய் மருத்துவமனையாகத் தோன்றிய தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.