டி-ஷர்ட்டுக்கு பயோ வாஷ்... மாடி ரெய்லிங்குக்கு உப்புத்தாள்! சிலாம்பு குத்தாத மரத்துக்கு ஒரு சிம்பிள் கைடு

பால்கனிக்கு மரக் கைப்பிடி, மொட்டை மாடியில் மரத்தளம், வாசலில் ஊஞ்சல் பலகைனு ரீல்ஸ் பார்த்து ஆசையா போடுறோம். முதல் ஆறு மாசம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஒரு ஐப்பசி மழை முடிஞ்சதும் தடவிப் பாருங்க... சொரசொரனு இருக்கும். நிறம் சாம்பலாகி, மெல்லிசா நார் நாரா எழும்பி நிற்கும். குழந்தை கையை ஓட்டிக்கிட்டே ஓடினா, உள்ளங்கையில சிலாம்பு ஏறும்.

உடனே, "மட்டமான மரத்தைக் கொடுத்துட்டாங்க"னு ஆசாரிகிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. பெரும்பாலும் தப்பு மரத்துமேல இல்லை. தண்ணியும் வெயிலும் சேர்ந்து செய்ற வேலை இது!

மரமும் பனியனும் சொந்தக்காரங்க!

திருப்பூர்க்காரங்களுக்கு இதை ஈஸியா புரியவைக்கலாம். பருத்தி நூலும் மரமும் அடிப்படையில் செல்லுலோஸ்தான். காட்டன் துணியில் பொடிப்பொடியா நீட்டிக்கிட்டிருக்கிற நார்களைச் செல்லுலேஸ் என்ற என்சைம் வைத்துக் கரைத்து எடுப்பதுதான், டி-ஷர்ட் லேபிளில் நீங்க பார்க்கிற 'பயோ வாஷ்'. அதைச் செய்யாத துணி, ரெண்டு மூணு சலவையிலேயே பூ பூவா பிசிறு தட்டும். மரத்திலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் மெதுவான பகுதி ஒன்று, கடினமான பகுதி ஒன்று இருக்கும். இழைக்கும்போது, கடினமான பகுதி மெதுவான பகுதிக்குள் அழுத்தப்படுகிறது. அப்போ பார்க்க சமமாத்தான் தெரியும். தண்ணி பட்டதும் நசுங்கிய மெதுவான பகுதி உப்பி, கடினமான ரேகையை மேலே தள்ளிவிடும். அதுதான் நாம தடவும்போது தட்டுப்படுகிற வரி.

அடுத்து வெயில். மர நார்களை ஒட்டவைக்கும் பசை மாதிரியான பொருள் லிக்னின். புறஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். பிடிமானம் போன நார்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சும்.

நம்ம ஊர்ல ஏன் சீக்கிரம்?

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியா வீசுற காற்று, காற்றாலையை மட்டும் சுத்த வைக்கிறதில்லை. மரத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். அப்புறம் வடகிழக்குப் பருவமழையில் அதே மரம் ஊறும். திரும்பவும் மாசி, பங்குனி வெயில். ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து... மரம் களைச்சுப் போயிடுது.

வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாவே எண்ணெய்ப் பசை இருப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனா, அதே தேக்கின் வெள்ளைப் பகுதிக்கு அந்த பலம் கிடையாது. இறக்குமதி மெஷின் வந்த பைன் மரப்பெட்டியைப் பிரிச்சு மாடியில் பெஞ்ச் போட்டிருந்தா, நார் இன்னும் வேகமா எழும்பும். அந்தப் பலகையில் 'ஹெச்.டி' முத்திரை இருந்தா வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். 'எம்.பி' முத்திரை இருந்தா மீத்தைல் புரோமைடு வாயு அடித்தது, வீட்டுக்கு வேண்டாம்.

எப்படிச் சரிசெய்றது?

1. மழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்த தை, மாசிதான் சரியான நேரம். முதல்ல மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணி வைத்துக் கழுவி, ரெண்டு மூணு நாள் காயவிடுங்க.

2. தூக்கிக்கிட்டு நிற்கிற ஆணி, ஸ்க்ரூவை உள்ளே இறக்குங்க.

3. 80-ம் நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்க. குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

4. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்க. மிச்சம் இருக்கிற நாரும் எழும்பி நிற்கும். 'இப்பத்தானே தேய்ச்சோம்'னு பதற வேண்டாம். அது வெளியே வரணும்னுதான் துடைக்கிறோம்!

5. இப்போ 120-ம் நம்பர் தாளால் லேசா ஒரு தடவு. கைப்பிடிக்கு இது போதும். அதுக்கு மேல வழவழப்பாக்கினா எண்ணெய் உள்ளே இறங்காது.

6. கடைசியா, வெளிப்புற மரத்துக்கான எண்ணெய் அல்லது ஸ்டெயின். பலகையின் வெட்டு முனைகளுக்கு ரெண்டு கோட் கொடுங்க. தண்ணி அதிகமா ஏறுவது அங்கேதான்.

இதெல்லாம் வேண்டாம்!

கார் கழுவுற பிரஷர் வாஷரைக் கிட்ட வைத்து அடித்தால், மெதுவான பகுதி அரிச்சுப்போய் வரிகள் இன்னும் ஆழமாகும். உள்வீட்டு வார்னிஷை வெளியே அடித்தால் வெயிலில் வெடித்து உரியும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் துகள் மாட்டி, துருக்கறை பிடிக்கும்.

மாஸ்க் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. பழைய பெயின்ட் அடித்த கதவு, கேட் என்றால் இன்னும் உஷார். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம் என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தைய பெயின்ட்டை வறட்டுத் தூளாத் தேய்க்காதீங்க; குழந்தைங்க இருக்கிற வீட்டில் கண்டிப்பா கூடாது.

பனியன் வேஸ்ட்... தீ ஜாக்கிரதை!

இதைத்தான் நம்ம ஊர்ல முக்கியமா சொல்லணும். எண்ணெய் பூசத் துடைக்க நம்ம கைக்கு முதல்ல வர்றது பனியன் வேஸ்ட். லின்சீட் ஆயில் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடாகும். பலகையில் அந்தச் சூடு பரவிப் போயிடும். கசக்கிப் போட்ட துணிக்குள்ளே வெளியேற வழியில்லாம ஏறிக்கிட்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 'டீக் ஆயில்'னு விற்கிற பலவற்றிலும் இந்த வகை எண்ணெய் கலந்திருக்கும். பக்கத்திலேயே துணிக் கட்டும் அட்டைப் பெட்டியும் இருக்கிற ஊர்ல இது சின்ன விஷயமா?

அதனால, வேலை முடிஞ்சதும் அந்தத் துணியைத் தண்ணி நிரப்பின தகர டப்பாவில் போட்டு மூடுங்க. இல்லைன்னா வெட்டவெளியில் ஒவ்வொண்ணா விரிச்சுக் காயவிடுங்க. குப்பைத் தொட்டியில் உருண்டையா வீசவே கூடாது.

அடுத்த எண்ணெய் எப்போனு தெரிய ஈஸி டெஸ்ட் ஒண்ணு இருக்கு. கைப்பிடியில் நாலு சொட்டுத் தண்ணி விடுங்க. முத்து முத்தா நின்னா இன்னும் டைம் இருக்கு. உடனே உறிஞ்சி, மரம் கறுத்துச்சுன்னா, அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிடுங்க!