பாம்புக்குப் பால் வார்க்கலாமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆயினும் பாகூர், வில்லியனூர் வயல்வெளிகளில் வாழும் எங்களுக்குப் பாம்பைக் காணாமல் ஒரு மழைக்காலமும் கழிவதில்லை. அதைப் பிடித்து வளர்த்தால் என்ன, பால் ஊற்றினால் போதாதா என்று தோழியர் சிலர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

பால் பாம்பின் உணவே அன்று. பல நாள் தண்ணீரின்றி அடைத்து வைத்த பாம்பு, தாகம் தாளாமல் பாலைக் குடிக்கும். அது செரிக்காமல் நோயுறும். சாரைக்கு எலியும் தவளையும் உணவு. கட்டுவிரியனோ மற்றப் பாம்புகளையே விழுங்கும்! உடலைச் சூடாக வைத்திருக்க நம்மைப்போல் பாம்பு உணவைச் செலவிடுவதில்லை. ஆகவே ஒருமுறை வயிறார உண்டால் பல நாள் தாங்கும். உண்ட பாம்பைத் தொட்டுத் தூக்கினால் இரையைக் கக்கிவிடும். எலி வாடை வீசும் கையை இரையென்றே எண்ணிக் கடிக்கவும் கூடும்.

நல்ல பாம்பு, சாரை முதலியவற்றைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அரசின் அனுமதியுடன் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்போர், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், அவ்வாணிபம் தடைப்பட்டபின், 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு இச்சங்கத்தைத் தொடங்கினர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மணல் இட்ட மண்பானைகளில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒருமுறையாகச் சில வாரம் நஞ்சு எடுப்பார்கள். பின்பு, மீண்டும் அதையே பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுவார்கள். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து நச்சுமுறி மருந்து செய்கிறார்கள். இத்தனை கைதேர்ந்தவர்களும் ஒரு மாத அளவுக்கு மேல் பாம்பை வைத்துக்கொள்வதில்லை என்பது எங்களை வியக்க வைத்தது. இவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

நமக்கு அக்கைத்திறன் இல்லை. வீட்டினுள் பாம்பைக் கண்டால் விலகி நின்று, அது இருக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டே வனத்துறைக்குச் சொல்லி அனுப்பவேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும், வலியே தெரியாது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்லது. கடிபட்டால் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கைகாலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். நச்சுமுறி மருந்து அங்கே கிடைக்கும்.