ஊசி போடுபவரும் ஊசிக்கு அஞ்சுபவரும்

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரும், ஊசியைக் கண்டாலே தலைசுற்றும் ஒருவரும் காதலித்தாலோ மணந்துகொண்டாலோ எழும் சிக்கலுக்கு மருத்துவப் புத்தகங்களில் தனி அத்தியாயம் கிடையாது. சர்க்கரை நோய் ஒரு மருத்துவரிடம் போகிறது, ஊசி அச்சம் வேறொரு மருத்துவரிடம் போகிறது. பல நேரங்களில் அந்த அச்சம் எந்த மருத்துவரிடமும் போவதில்லை. இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இப்படி இருவர் சேர்வது அரிதாக நடக்கக்கூடிய ஒன்றல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-ல் வந்தது. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி மின்னணு ஆலைகள் பெருகின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்கு அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இருபது வயதுக்காரர்கள் ஊரையும் உறவையும் விட்டு இங்கே தங்கி வேலை பார்க்கிறார்கள். கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீன் வரிசையிலும் பழக்கம் ஏற்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்கோ மெரினாவுக்கோ போய்வரும் அளவுக்கு அது வளர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று நடத்திய, 2023-ல் வெளியான ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இத்தனை இளைஞர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இன்சுலின் போடுபவர்களும் இருப்பார்கள், ஊசிக்கு அஞ்சுபவர்களும் இருப்பார்கள்.

முதலில் அந்த அச்சத்தைப் பார்க்க வேண்டும். பாம்பு, உயரம், இருட்டு என்று எதற்குப் பயந்தாலும் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அதனால் பயந்தவர் ஓடுவாரே தவிர மயங்கி விழமாட்டார். இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றுக்கான அச்சம் மட்டும் வேறு மாதிரி. முதல் சில நொடிகள் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அடுத்து வேகஸ் நரம்பின் தூண்டுதலால் துடிப்பு சட்டென்று குறைகிறது, அழுத்தம் சரிகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. காது அடைக்கிறது, கண் இருட்டுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ஆள் சரிந்துவிடுகிறார். நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு நோய் என்று சொல்லும் அளவுக்கே இந்த அச்சம் இருக்கிறது. இலேசான அருவருப்பையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம்.

ஆகவே, “என் முன்னாடி ஊசி போடாதீங்க” என்று ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அவளுக்கு அன்பு குறைவு என்று அர்த்தமில்லை. லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் திடமான ஓர் இளைஞன் காதலியின் கையில் ஊசியைப் பார்த்துச் சுவரில் சாய்ந்தால் அவன் கோழையுமல்ல. இருவருக்கும் நடப்பது உடலின் அனிச்சைச் செயல். திட்டியோ கேலி செய்தோ அதை மாற்ற முடியாது.

மறுபக்கம் இன்சுலின். டைப் 1 நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. இது பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ வருகிறது. அன்றிலிருந்து இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றில் செரிமானமாகிவிடும் என்பதால்தான் ஊசி. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. இன்றும் டைப் 1 உள்ளவர் ஊசியை அடியோடு நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகிவிடும். டைப் 2 உள்ளவர்களிலும் சிலருக்கு இன்சுலின் தேவைப்படுகிறது. “இன்சுலின் போட்டா கடைசி கட்டம்” என்ற பேச்சு தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் கேட்கிறது. அது தவறு, பெண் பார்க்கும் நேரத்தில் பெருங்கேடும் செய்கிறது.

காதலுக்காக ஊசியை மறைப்பதுதான் இங்கே உண்மையான அபாயம். பார்ப்பவர் பயப்படுவாரே என்று ஒருவர் கழிப்பறையில் நின்றபடி அவசரமாகப் போடுகிறார். சட்டைக்கு மேலேயே குத்துகிறார். வெளியே சாப்பிடப் போன அன்று “ரூமுக்குப் போய்ப் போட்டுக்கலாம்” என்று தள்ளிவைக்கிறார். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் சர்க்கரை முதலில் எகிறும், பிறகு தாழும். யாருக்கும் தெரியாத ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகி, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. பஸ் நிலையத்தில் ஓரமாக நின்று ஊசி எடுப்பவரைப் போதை ஊசி போடுகிறவர் என்று சந்தேகிப்பதும் உண்டு. மறைக்க மறைக்க அந்தச் சந்தேகமும் வலுக்கிறது.

ஷிப்ட் வாழ்க்கை இதை இன்னும் கடினமாக்குகிறது. காலை ஷிப்டுக்கான பஸ் விடியுமுன் வந்துவிடும். இரண்டு வகை இன்சுலின் கலந்த கலவை ஊசியைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு போடச் சொல்லியிருப்பார்கள். ஊசி போட்டுவிட்டு பஸ் ஏறியவருக்கு, டிபன் கேன்டீனில்தான் என்றால், இடையில் வண்டி நெரிசலில் நின்றாலே சர்க்கரை இறங்கிவிடும். வாரம் மாறி நைட் ஷிப்ட் வந்தால் தூக்கமும் சாப்பாடும் தலைகீழாகின்றன. மருந்தின் நேரத்தை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். விடுதி அறையில் பிரிட்ஜ் இல்லாதது இன்னொரு தொல்லை. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை அதிக வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையில் அது முடியாது. ஈர மணலோ தண்ணீரோ உள்ள மண்பானைக்குள் சின்னப் பாத்திரத்தில் வைத்துக் காப்பாற்றுவது நம் ஊரில் சொல்லிக்கொடுக்கப்படும் வழி, ஆய்வுகளிலும் அது பயனுள்ளதாகத் தெரிந்திருக்கிறது.

ஊசிக்கு அஞ்சும் துணை ஊசியைத் தொடவே வேண்டியதில்லை. அவரிடமிருந்து தேவைப்படும் உதவி வேறு. இன்சுலின் போடுபவருக்கு உடனடி ஆபத்து பெரும்பாலும் சர்க்கரை தாழ்வதால் வருகிறது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், பசி பிடுங்கும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று தோன்றும். உடன் பழகுகிறவருக்குத்தான் அந்த வித்தியாசம் முதலில் கண்ணில் படும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது குளுக்கோஸ் பொடி. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. பிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அது மெதுவாகவே வேலை செய்யும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் இன்சுலின் போடுவது உயிருக்கு உலை வைக்கும். “சுகர் ஆச்சே, இனிப்பு கொடுக்கலாமா?” என்ற தயக்கமும், நினைவு இருக்கும்வரை, ஆகாது. உடலுறவும் கடினமான உடற்பயிற்சியைப் போலவே சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்பதையும் தம்பதியர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஊசியைப் பார்க்கவே முடியாதவருக்கு, பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அறையின் ஒரு பக்கம் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள, இன்னொருவர் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தால் போதும். போடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வது முக்கியம். எதிர்பாராமல் கண்ணில் படும் ஊசிதான் அதிகம் மயக்கத்தை வரவழைக்கிறது.

பயத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு நல்ல பயிற்சி ஒன்று இருக்கிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980-களில் வகுத்தது அது. மூச்சை இழுத்துவிட்டு உடலைத் தளர்த்தும் வழக்கமான அறிவுரை இங்கே எதிர்விளைவைத் தரலாம், ஏனெனில் இரத்த அழுத்தம் ஏற்கெனவே சரியும் நிலையில் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் அதற்கு நேர்மாறாக, உட்கார்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை பத்துப் பதினைந்து நொடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் விட வேண்டும், முழுக்கத் துவளாமல். இப்படி ஐந்து முறை. இது கைவந்தபின் முதலில் ஊசியின் படத்தைப் பார்ப்பது, அடுத்து மூடியுள்ள இன்சுலின் பேனாவைக் கையில் வாங்குவது, அதற்கடுத்து மூடி கழற்றிய ஊசி, கடைசியில் ஒருவர் போட்டுக்கொள்வதைப் பார்ப்பது என்று படிப்படியாக ஏற வேண்டும். மயக்கம் வருவது போல இருந்தால் தசைகளை இறுக்க வேண்டும், அல்லது காலை உயர்த்திப் படுத்துவிட வேண்டும். சில அமர்வுகளிலேயே பலருக்குப் பலன் தெரிகிறது. உதவி வேண்டுமென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022 முதல் இயங்கும் டெலி மனாஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

பயப்படுபவரின் மனத்தில் இருக்கும் ஊசி பெரும்பாலும் சிறுவயதில் பார்த்த தடுப்பூசியோ, இரத்தம் எடுக்கும் ஊசியோதான். இன்சுலின் பேனாவில் பொருத்தும் சிறிய வகை ஊசி நான்கு மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதை முனையில் திருகி, இரண்டு யூனிட் வைத்து அழுத்திப் பார்த்தால் நுனியில் ஒரு துளி எட்டிப் பார்க்கும். பிறகு தேவையான அளவுக்குத் திருப்ப வேண்டும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ‘டிக்’ என்று சத்தம் வரும். வயிற்றில் நேராக வைத்து அழுத்தி, பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்து எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் இரத்தம் வராது. அரசு மருத்துவமனையிலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் பெரும்பாலும் கிடைப்பது குப்பியும் சிரிஞ்சும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுக்கும் காட்சிதான் பயப்படுபவரை அதிகம் கலக்குகிறது என்பதால், வசதி உள்ளவர் பேனாவுக்கு மாறுவது இருவருக்கும் நிம்மதி. மாறும்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். இந்தியாவில் குப்பி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் 40 யூனிட், பேனாவில் 100 யூனிட். பேனா மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

விரல் நுனியில் குத்தும் வேலையைக் குறைக்க, கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் வந்துவிட்டன. ஒரு வகை பதினான்கு நாள் வரை தாங்கும். விலை ஆயிரங்களில் இருப்பதால் ஆலைச் சம்பளத்தில் மாதாமாதம் வாங்குவது கடினம். மூக்கால் அல்ல, வாயால் உறிஞ்சும் பொடி இன்சுலின் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. சாப்பாட்டு நேரத்து ஊசிக்கு அது மாற்றாகலாம். டைப் 1 உள்ளவருக்கு நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை அப்போதும் ஊசியால்தான் போட வேண்டும். புகைப்பவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அந்தப் பொடி ஆகாது.

பயன்படுத்திய ஊசியைத் தலையணைக்கு அடியிலோ குப்பைக் கூடையிலோ போடக் கூடாது. ஒரே அறையில் பலர் தங்கும் இடத்தில் மற்றவர்களுக்குக் குத்திவிடும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் மூடி ஒட்டி மருத்துவமனையில் ஒப்படைப்பது சரியான வழி. துணைக்குப் பயம் இருக்கும் வீட்டில் இது மரியாதையும்கூட.

திருமணப் பேச்சு வரும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே சரி. இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கோர இடமளிக்கிறது. எந்த உண்மை முக்கியமானது என்பதை நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு பார்க்கும். சட்டத்தைவிடப் பெரிய காரணம், நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர் வியர்த்து நனைந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது. டைப் 1 உள்ளவரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. தந்தைக்கு இருந்தால் ஏறத்தாழ 17 பிள்ளைகளில் ஒருவருக்கு வரலாம் என்றும், தாய்க்கு இருந்தால் அதைவிடக் குறைவு என்றும் மேலைநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. சர்க்கரையைச் சீராக வைத்துக்கொண்டு கருத்தரிக்கும் பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

கர்ப்பம் வரும்போது ஊசி அச்சம் யாருக்கு இருந்தாலும் அதைச் சமாளித்தாக வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பார்கள், தடுப்பூசியும் போடுவார்கள். பயம் மனைவிக்கு என்றால், தசைகளை இறுக்கும் பயிற்சியைக் கருத்தரிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. மயக்கம் வரும் என்று இரத்தம் எடுக்கும் செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால் படுக்கவைத்தே எடுத்துவிடுவார்.