தேரிக் காற்றும் மைக்ரான் அளவும்

உடன்குடி அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 660 மெகாவாட் திறனுள்ள அலகுகள் இரண்டு. நம் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இப்படிப்பட்ட டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும். பல டன் எடையுள்ள தண்டுகளை நுனியோடு நுனி சேர்த்துப் பூட்டும்போது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகினாலே அதிர்வு வந்துவிடும். அந்த விலகலைக் காட்டுவது டயல் கேஜ். சரி, டயல் கேஜ் பொய் சொல்லவில்லை என்பதற்கு யார் சாட்சி?

மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய சிறு உருக்குக் கட்டைகள்தான் சாட்சி. பட்டறையில் ஸ்லிப் கேஜ் என்பார்கள். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். விரல் அகலம்கூட இல்லாத செவ்வகத் துண்டு. கண்ணாடிபோல மின்னும் எதிரெதிர் முகங்கள் இரண்டு. அந்த முகங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் அதன் மேல் பொறித்திருக்கும் எண். பூஜ்யம் தரத்தில் 25 மி.மீ. கட்டை என்றால் 0.14 மைக்ரானுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1896இல் ஜெர்மனியில் மௌசர் தொழிற்சாலைக்குப் போனவர், அங்கே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கட்டை என்று குவித்து வைத்திருந்ததைப் பார்த்தார். சில கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்தே எல்லா அளவையும் உண்டாக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 102 கட்டைகளைக் கொண்டு, நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 20,000 அளவுகள் வரும்படி கணக்குப் போட்டார். மனைவியின் தையல் இயந்திரத்தையே தேய்ப்பு எந்திரமாக மாற்றி வீட்டில் வைத்துக் கட்டைகளை மெருகேற்றினார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது.

இன்று நம் பட்டறைகளில் உள்ள ஒரு வகைப் பெட்டியில் 112 கட்டைகள். 38.476 மி.மீ. வேண்டுமா? கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 6ஐத் தீர்க்க 1.006, 7ஐத் தீர்க்க 1.47, மிச்சம் 36. அதற்கு 11ம் 25ம். நான்கே கட்டை.

நான்கையும் அடுக்கினால் நடுவில் காற்றும் தூசியும் புகுந்து அளவு கெடாதா? இங்கேதான் வியப்பு இருக்கிறது. சுத்தமான இரு முகங்களைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தி, திருப்பி நகர்த்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பசை கிடையாது, காந்தம் கிடையாது. காற்றழுத்தம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டையின் முகம் 9 மி.மீ.க்கு 35 மி.மீ.; அதன் மேல் காற்று தரும் விசை மூன்று கிலோ எடைக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நன்றாக ஒட்டிய கட்டைகளோ அதற்குப் பல மடங்கு தாங்கும். வெற்றிடத்தில் வைத்தாலும் பிரிவதில்லை. முகங்கள் அவ்வளவு சமதளமாக இருப்பதால் இரண்டு பக்கத்து மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கும் நெருக்கத்துக்கு வந்துவிடுகின்றன. இடையில் தங்கும் மிக மெல்லிய எண்ணெய், ஈரப் படலமும் கை கொடுக்கிறது. ஒட்ட மறுக்கும் கட்டையில் அழுக்கோ பிசிறோ இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்டி அழுத்தக் கூடாது. துடைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டையில் பொறித்த எண் 20 டிகிரி செல்சியஸில் மட்டுமே உண்மை. உலகம் முழுக்க அளவியலுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை அது. உடன்குடிப் பக்கம் கோடையில் பட்டறைக்குள் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. உருக்குக் கட்டை 16 மைக்ரான் நீண்டிருக்கும். அதற்கு அனுமதித்த பிழை 0.30 மைக்ரான்தான். அப்படியானால் குளிர்சாதன அறை இல்லாத பட்டறையில் இது வீணா? இல்லை. அளக்கப்படும் பொருளும் உருக்காக இருந்து, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீளும். பிழை தானாகக் கழிந்துவிடும். எனவே கட்டையையும் பொருளையும் சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் ஒரு மணி நேரமாவது சேர்த்து வைத்திருந்துவிட்டு அளக்க வேண்டும். அலுமினியப் பொருள் என்றால் இந்தக் கணக்கு எடுபடாது. அது உருக்கைப் போல இரண்டு மடங்கு நீளும்.

கைச்சூடு இதைவிட மோசம். 25 மி.மீ. கட்டையை விரலில் பிடித்து ஐந்து டிகிரி ஏற்றிவிட்டால் 1.4 மைக்ரான் கூடிவிடும். அனுமதித்த பிழையைப் போலப் பத்து மடங்கு. கையுறையோ இடுக்கியோ அதற்காகத்தான்.

சூட்டை இப்படிச் சமாளித்துவிடலாம். இந்த மண்ணுக்கே உரிய எதிரிகள் வேறு இரண்டு. முதலாவது உப்பு. கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே மெக்னீசியம் குளோரைடு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐப்பசி அடைமழையில் வெளியே வைத்த கருப்பட்டி கசிவதுபோல, உப்புத் துகள் படிந்த உருக்கின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் எப்போதும் இருக்கும். துருவுக்கு அது போதும். விரல் வியர்வையிலும் அதே குளோரைடுதான்.

இரண்டாவது எதிரி தேரி மணல், அதாவது இங்குள்ள செம்மணல் மேடுகளின் மணல். ஆனி, ஆடிக் காற்றில் குதிரைமொழித் தேரியிலிருந்து கிளம்பும் செந்தூசி பார்க்க மென்மையானது. செம்மை இரும்பு ஆக்சைடு தரும் நிறம். உள்ளே இருப்பது குவார்ட்ஸ். அது ஸ்லிப் கேஜ் உருக்கைவிடக் கடினமானது! ஒரு துகள் இடையில் மாட்டிக்கொண்டு கட்டையைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

ஆகவே காற்று வீசும் பக்கத்துக் கதவை அடைத்துவிட்டு வேலை தொடங்குவது நல்லது. துருப்பிடிக்காமல் இருக்கக் கட்டைகளின் மேல் பூசியிருக்கும் வாஸ்லினை வெள்ளை பெட்ரோலாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். காட்டன் வேஸ்ட் ஆகாது. வேலை முடிந்ததும் அன்றன்றே நகர்த்திப் பிரித்து, மீண்டும் துடைத்து வாஸ்லின் பூசிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒட்டியபடி நெடுநாள் விட்டால் பிரிக்கும்போது முகம் பெயரக்கூடும்.

இவ்வளவு பாடுபட்டாலும் தேய்மானம் இருக்கும். அதனால்தான் குறித்த கால இடைவெளியில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். அந்த ஆய்வகத்தின் கட்டைகளுக்கு மேலே புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே லேசர் ஒளியின் அலைநீளம். அதற்கும் மேலே 1983இல் வகுத்த மீட்டர், அதாவது ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். உடன்குடியில் திருகும் மைக்ரோமீட்டர் ஒளியின் வேகத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. சான்றிதழ் காலாவதியானால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்.

உடன்குடிக்குப் பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். துல்லிய வேலை இனி இந்தக் கரைக்கு வரும் என்று நம்புகிறேன். இங்கே புதிதாகப் பெட்டி வாங்கும் பட்டறைக்காரர்கள் சிர்கோனியா பீங்கான் கட்டைகளைப் பரிசீலிக்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் துருப்பிடிக்காது, வெப்பத்தில் நீளும் அளவும் உருக்குக்கு நெருக்கமானது. அதற்குப் பணம் போதாதென்றால் உருக்குப் பெட்டியே வாங்குங்கள், சான்றிதழோடு வாங்குங்கள். அதை அன்றாட வேலைக்கு எடுக்காமல், மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.