பிரசவ விடுப்பு: ஞாயிற்றுக்கிழமைக்கும் கணக்கு உண்டு

ஜவுளிக்கடையானாலும் மளிகைக் கடையானாலும் இன்று பெண் சிப்பந்திகள் இல்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. அவர்களில் ஒருவர், "பிரசவத்துக்கு லீவு வேண்டும் முதலாளி" என்று வந்து நிற்கும்போது எத்தனை நாள், எவ்வளவு தொகை, அதை யார் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் நம்மில் பலரிடம் சரியான பதில் இருப்பதில்லை. கையில் ஏதோ கொடுத்து, "பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறோம். அது அந்தப் பெண்ணுக்கும் நஷ்டம், நமக்கும் ஆபத்து.

முதலில் நாள் கணக்கு. ஆண், பெண் சேர்த்து 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்குச் சட்டம் பொருந்தும். பிரசவம் எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை பார்த்திருந்தால் போதும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 திருத்தத்தில் 26 வாரமாயிற்று. இதில் பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன.

அடுத்தது தொகை. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரி தினக்கூலியே அடிப்படை. அது ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 நாள் என்று போட்டால் 156 நாட்களுக்கு ரூ.78,000 வரும். நம்மில் பலர் போடும் கணக்கு இதுதான். ஆனால் இது தவறு. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறு உட்பட 7 நாள் என்று 1977-இல் தீர்ப்பாயிற்று. ஆகவே 182 நாட்களுக்கு ரூ.91,000 கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டால் அந்தத் தாய்க்கு ரூ.13,000 குறைகிறது.

"சிறிய கடைக்காரன் இவ்வளவுக்கு எங்கே போவான்?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு வழி இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள சிப்பந்தியை அதில் சேர்த்திருந்தால் இந்தத் தொகையை இ.எஸ்.ஐ.யே கொடுத்துவிடும். மாதம் ரூ.13,000 சம்பளத்துக்கு நம் பங்கு 3.25 சதவீதம், அதாவது சுமார் ரூ.423. ரூ.91,000-ஐ இப்படிக் கட்டித் தீர்க்க ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஆகும்! ஆனால் கடைசி நேரத்தில் பெயர் சேர்த்துப் பயனில்லை. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவு செய்துவிடுவதே புத்திசாலித்தனம்.

விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். அவர் திரும்பி வந்த பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளைகள் தர வேண்டும்.

தகப்பனாகும் ஆண் சிப்பந்திக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் கடைகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இருந்தாலும் நாமாக ஒரு வாரம் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

பழகிய சிப்பந்திதான் கடைக்கு மூலதனம். கணக்கை நேராக வைத்துக்கொண்டால் அந்த மூலதனம் நம் கையை விட்டுப் போகாது.