ஒத்தைக் காலில் பத்து செகண்ட்!

ராத்திரி இரண்டரை மணி. பாத்ரூமில் 'டமால்' என்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே பிளாஸ்டிக் பக்கெட் உருளும் ஓசை. அப்புறம் நிசப்தம்.

அந்த நிசப்தம்தான் ஸார் பயங்கரம்.

ஓடிப் போய்ப் பார்த்தால், கதவு உள்ளே தாழ்ப்பாள். "ஒண்ணுமில்லடா... லேசா வழுக்கிட்டுது. நீ போய்ப் படு, காலையில ஆபீஸ் போகணுமில்ல?" என்று தரை மட்டத்திலிருந்து அப்பாவின் குரல். அவரே நகர்ந்து நகர்ந்து வந்து தாழ்ப்பாளை நீக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

அப்பாவுக்கு வயசு 74. ஒரு காலத்தில் சைக்கிள் கேரியரில் கியாஸ் சிலிண்டர், முன் பாரில் நான், வாயில் வெற்றிலை என்று ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கியவர். அவருக்கா பேலன்ஸ் போச்சு?

மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு. "இடுப்பு எலும்பு தப்பிச்சுதே, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குங்க" என்றார் டாக்டர். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் ஐந்தில் ஒருவர் போல ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார் என்கின்றன பல நாட்டுக் கணக்குகள். படுத்த படுக்கையாகிவிட்டால் நிமோனியா, படுக்கைப் புண், ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொள்கிறது. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் மோசம். கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் பூராவும் வருடத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். விபத்துச் சாவுகளில் ரோடு விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஹெல்மெட் போடாவிட்டால் ரோட்டில் போலீஸ் பிடிக்கிறது. பாத்ரூமில் யார் பிடிப்பது?

சரி, விழுந்தாச்சு. அடுத்து நாங்கள் என்ன செய்தோம்? எல்லா நல்ல பிள்ளைகளும் செய்வதைத்தான் செய்தோம். அப்பாவை வீட்டுக் காவலில் வைத்தோம்.

"அப்பா, எந்திரிக்காதீங்க. தண்ணிதானே, நான் கொண்டு வர்றேன்." "மாமா, பால் பாக்கெட்டுக்கு நீங்க போக வேணாம்." "தாத்தா, ரிமோட் இந்தாங்க." ஈஸி சேர், எதிரே டி.வி., பக்கத்தில் பிளாஸ்க். ஒரு மந்திரிக்குக்கூட அவ்வளவு உபசாரம் கிடையாது. மூணு மாசம். கட்டுப் பிரித்து, கை சரியாகி, ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டக் காலைத் தூக்கினார். அப்படியே சாய்ந்தார். இந்தத் தடவை சோபா தாங்கிக்கொண்டது.

அப்போது போய் நின்றதுதான் அந்த பிஸியோதெரபி அம்மாளிடம். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, "கையை ஊணாம எந்திரிங்க பாப்போம்" என்றார். அப்பா இரண்டு தடவை முயற்சி செய்தார். முடியவில்லை. அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, "யார் இவரை இப்படி உக்கார வெச்சது?" என்று கேட்டார். அம்மா என் மனைவியைப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். மனுஷன் விழாமல் நிற்பதற்கு மூன்று பேர் இடைவிடாமல் டூட்டி பார்க்கிறார்கள். கண் ஒருவர். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றின் அக்கம்பக்கமும் சேர்ந்து இன்னொருவர். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ரிப்போர்ட் அனுப்புவது இவர் வேலை. மூன்றாமவர் பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள். வயதானால் கண்ணில் புரை, காதில் மந்தம், சர்க்கரை வியாதி இருந்தால் பாதத்தில் மரமரப்பு. மூன்று பேரும் அரை நாள் லீவு!

மிச்சமிருக்கும் தகவலை வைத்துக்கொண்டு 'சாயறோம், காலை முன்னால வை' என்று மூளை உத்தரவு போட்டாலும், அதைச் செய்ய வேண்டியவை தொடையும் கெண்டைக்காலும். அவைதான் மூணு மாசமாக ஈஸி சேரில் கிடக்கின்றனவே! தசை வேலைக்குப் போகாவிட்டால் சீக்கிரம் ரிடையராகிவிடும். அதன் மேல் பயம் வேறு. விழுந்துவிடுவோமோ என்று நடக்காமல் இருப்பது, நடக்காததால் கால் சோர்வது, கால் சோர்ந்ததால் நிஜமாகவே விழுவது. 'தள்ளாமை' என்று நாம் சொல்வதில் வயதின் பங்கு பாதி என்றால், நம் பாசத்தின் பங்கு மீதி.

இதைத் திருப்ப முடியுமா என்று நியூசிலாந்துக்காரர்கள் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். 1997-ல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டது 80 வயது தாண்டிய 233 பாட்டிகள். பாதிப் பேருக்கு பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே நாலு தடவை போய், காலுக்கு பலம் தரும் பயிற்சியும் பேலன்ஸ் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மீதிப் பாட்டிகள் வீட்டுக்கும் ஆள் போனது, ஆனால் சும்மா பேசிவிட்டு வருவதோடு சரி. ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், பேச்சுத்துணைப் பாட்டிகள் மொத்தம் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சிப் பாட்டிகள் 88 தடவை. எண்பதுக்கு மேலேயும் கால் கற்றுக்கொள்கிறது! பிற்பாடு 2019-ல், பல தேசங்களில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக அலசியபோதும், உடற்பயிற்சி செய்தால் விழுவது சுமார் 23 சதவிகிதம் குறைகிறது என்று வந்தது. பேலன்ஸ் பயிற்சிகளுக்குத்தான் அதில் முதல் மரியாதை. "எங்கப்பா தினம் பார்க்ல வாக்கிங் போறாரே" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்கள் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் நடை மட்டுமே விழாமல் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் போதவில்லை.

அப்படி என்ன பெரிய பயிற்சி? நம் பாட்டிமார்கள் கோயிலில் பண்ணியதுதான். ஒரு பாதத்தின் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து நடப்பது ஒன்று. அடிப்பிரதட்சணம்! நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது இன்னொன்று. பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்துக்குத் தம்பி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி இறங்குவது, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடப்பது, ஒத்தைக் காலில் நிற்பது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி. கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது கட்டாயம். தலைசுற்றல் இருக்கிறவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

ஒத்தைக் கால் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022-ல் பிரேசில் டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 51 முதல் 75 வயது வரை 1,702 பேரை ஒத்தைக் காலில் பத்து செகண்ட் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்த ஏழு வருடத்தில், நிற்க முடியாதவர்களிடையே சாவு கணிசமாக அதிகம். உடனே வீட்டுப் பெரியவரை நிறுத்திவைத்து ஜோசியம் பார்க்க வேண்டாம்! உடம்பில் வேறு கோளாறு இருப்பதாலும் பேலன்ஸ் கெடும். ஒரு எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

இதை ஆபீஸில் சொன்னதுதான் தாமதம், லஞ்ச் டயத்தில் எங்கள் செக்‌ஷன் முழுக்க மகாபலிபுரத்துத் தவசி போல் ஒத்தைக் காலில் நின்றது. எல்லோருமே பாஸ். "இப்ப கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றேன். நாலாவது செகண்டில் ஒருவர் டைப்பிஸ்ட் மேஜை மேல், இன்னொருவர் பீரோ மேல். ஜிம்முக்குப் போய் கை புஜத்தை உருட்டிக் காட்டும் தம்பி ஆறு செகண்ட். கண் எவ்வளவு வேலை பார்க்கிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்து மானேஜர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அன்று ராத்திரிதான் எங்கள் பாத்ரூமை அப்பாவின் கண்ணால் பார்த்தேன். ஈரமான வழவழ டைல்ஸ். வாசலில் சுருண்டுகொள்ளும் கால்மிதி. இருட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுவரில் துளை போட்டு எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சின்ன பல்பு. உள்தாழ்ப்பாள் கழற்றல். "மானம் போச்சுடா" என்றார் அப்பா. "திரை போட்டுத் தர்றேம்பா" என்றேன். அவருடைய மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டியபோது, பிரஷர் மாத்திரையின் நேரத்தை மாற்றினார். ராத்திரி எழுந்ததும் விருட்டென்று நிற்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் கீழ்ப்பாதி படிப்பதற்கான பவர் என்றால், மாடிப்படி இறங்கும்போது படி மங்கலாகத் தெரியும் என்பதையும் கவனியுங்கள்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் சாயந்திரம் ஐந்து மணிக்கு சமையலறையில் சண்டை. "ஏங்க, காபி போடற நேரத்துலதான் மேடையைப் பிடிச்சுக்கிட்டு டான்ஸ் ஆடணுமா?" என்பாள் அம்மா. அப்பா காதில் வாங்காமல் எண்ணிக்கொண்டிருப்பார். முதல் வாரம் இரண்டு செகண்ட்கூட நிற்காதவர், போன வாரம் பதினோரு செகண்ட். பால் பாக்கெட் இலாகாவையும் திரும்ப வாங்கிவிட்டார்.

நேற்று ஆபீஸ் விட்டு வந்ததும், அவர் பார்க்கட்டுமே என்று நானும் பக்கத்தில் போய் ஒத்தைக் காலில் நின்று கண்ணை மூடினேன். மூன்று எண்ணுவதற்குள் மிக்ஸியோடு மோதப் போனேன்.

"டேய், நீ மேடையைப் பிடிச்சுக்க" என்றார் அப்பா.