பத்து நாள், ஆறு நாடு: ஒரு டூர் மேனேஜரின் கணக்கு

'பத்து நாளில் ஆறு நாடு' என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இரவுகளை எண்ணுங்கள். பத்து நாள் என்றால் ஒன்பது இரவு. போகும்போது ஒன்று விமானத்தில் கழியும், திரும்பும்போது இன்னொன்று கழியலாம். மிச்சம் ஏழு. அந்த ஏழு இரவுக்கு ஐந்து ஓட்டல் போட்டிருந்தால், பெரும்பாலான நாட்களில் காலை ஏழு மணிக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடவேண்டும் என்று அர்த்தம். இரண்டு இரவாவது ஓரிடத்தில் படுக்கவிடாத டூரை அறுபது தாண்டியவர்களுக்கு நான் சொல்வதில்லை. டூர் விற்பதுதான் என் பிழைப்பு, இருந்தாலும் சொல்வதில்லை.

நான் கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழன். கோமள விலாஸ் காபி மணத்துக்கும் மீன் கடைக்கும் நடுவில் வளர்ந்ததால் இரண்டு பாஷையும் இரண்டு சாப்பாடும் பழக்கம். வங்காளிக் குழுக்களை வெளிநாடு அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது தொழில். குழுவில் எப்போதும் நாலைந்து தமிழ்க் குடும்பமும் இருக்கும்.

இந்த ஊருக்கு இது புதிய வியாபாரம் இல்லை. ஸ்ரீபதி சரண் குண்டு என்பவர் 1933-ல் தொடங்கிய 'குண்டு ஸ்பெஷல்' இன்னும் நடக்கிறது. சமையல்காரர்களையும் கூடவே அழைத்துப் போய், எந்த ஊரில் இறங்கினாலும் வீட்டுச் சாப்பாடு என்பது அதன் பெருமை. சேர்ந்து ஊர் சுற்றும் பழக்கம் வங்காளி ரத்தத்தில் ஊறியது. திகா, பூரி, டார்ஜிலிங் மூன்றையும் சேர்த்து 'தீபூதா' என்று கேலியாகச் சொல்வார்கள். நடுத்தர வங்காளிக்கு அதற்கு மேல் ஊர் தெரியாது என்று கிண்டல். இப்போது அதே குடும்பங்கள் துர்கா பூஜை விடுமுறைக்குப் பாங்காக்கும் பாரிஸும் போகின்றன. தலையில் மங்கி கேப் மட்டும் மாறவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குழு எந்த ஊரில் கூடுகிறது? கொல்கத்தாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இப்போது நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ மாறவேண்டும். அகில இந்தியக் கம்பெனிகள் பல, இங்கே ஆள் சேராவிட்டால் மும்பைக் குழுவோடோ டெல்லிக் குழுவோடோ சேர்த்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் மும்பை வரை டிக்கெட் நீங்கள் தனியாக வாங்கி, அந்த விமானம் தாமதமாகி, குழு பறந்துவிட்டால் யார் பொறுப்பு? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்புகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்து, பயணத்திட்டத் தாளைப் பேனாவோடு படியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் 'உள்ளே', 'வெளியே' என்று குறியுங்கள். உள்ளே போய்ப் பார்ப்பது வேறு, வாசலில் நிறுத்திப் படம் எடுப்பது வேறு, பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவது வேறு. விலை குறைந்த டூரில் பாதி இடம் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஈஃபில் கோபுரம் என்று போட்டிருந்தால் எந்தத் தளம் என்று கேளுங்கள்: இரண்டாம் தளம் சுமார் 115 மீட்டர், உச்சித் தளம் 276 மீட்டர். ஸ்விட்சர்லாந்தில் பனிமலை என்றால் டிட்லிஸா, யுங்ஃப்ராயோக்கா? டிட்லிஸில் சுழலும் கேபிள் கார் 3,020 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். மேலே ஷாருக்கானும் கஜோலும் கட்-அவுட்டில் நிற்பார்கள், எல்லோரும் அவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர், ரயிலில் போகவேண்டும், செலவும் அதிகம். ஊட்டியைவிட 1,200 மீட்டர் உயரம். இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இங்கே ஏறக்கூடாது.

கட்டணத்தில் சேராதது எது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். விசா, இன்ஷூரன்ஸ், டிப்ஸ், ஊர் வரி, 'விருப்பச் சுற்றுலா' என்ற பெயரில் அங்கே போனபின் விற்கும் படகுச் சவாரி எல்லாம் அதில் வரும். விசா மறுத்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இனி பஸ் விஷயம். இதைப் புரிந்துகொண்டால் டூர் மேனேஜர் ஏன் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கிறான் என்பதும் புரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் டிரைவர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரவில் 11 மணி நேரம் ஓய்வு, சில நாட்களில் 9 ஆகக் குறைக்கலாம். இதெல்லாம் காகிதச் சட்டம் இல்லை. வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் டிரைவர் செருகிய அட்டையில் கணக்கெழுதும். நடுரோட்டில் போலீஸ் நிறுத்தி அதைப் படிக்கும், அபராதம் போடும். டிரைவரிடம் நூறு யூரோ நீட்டினாலும் 'இன்னும் அரை மணி' கிடைக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாரிஸிலிருந்து லூசர்ன் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பஸ் வேகத்துக்கு இது ஒரு நாளின் ஓட்டும் நேரத்தைக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். தீஜோன் பக்கம் ஒரு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் 45 நிமிட ஓய்வு. எங்கள் குழுவில் கொல்கத்தா பேஹாலாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், 46-ம் நிமிடம் மனைவிக்காகக் கடுகுச் சாஸ் பாட்டில் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். தீஜோன் கடுகுக்குப் பேர்போனது, வங்காளிக்குக் கடுகு உயிர், அவரைக் குறை சொல்லவும் முடியாது. போலந்துக்கார டிரைவர் ஒன்றும் பேசவில்லை. டாக்கோகிராஃப் திரையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். அன்று கடைசி அரை மணி நேரம் லூசர்ன் ஏரிக்கரையில் நடப்பதாக இருந்தது. வண்டி நேரே ஓட்டலுக்குப் போய்விட்டது. ஹெட்மாஸ்டரிடம் அன்றிரவு யாரும் பேசவில்லை. பாட்டில் மட்டும் நான்கு வாங்கியிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன்: நிறுத்தத்தில் முதலில் கழிவறை, பிறகு காபி, கடைசியில் கடை. ஜெர்மனி நெடுஞ்சாலைகளிலும் பல ஊர் ரயில் நிலையங்களிலும் கழிவறைக்கு 1 யூரோ அளவில் கேட்பார்கள். சில்லறைப் பை ஒன்று கையில் இருக்கட்டும். ஸ்விட்சர்லாந்தின் நாணயம் யூரோ இல்லை, ஃப்ராங்க். பஸ்ஸில் முன் சீட்டு யாருக்கும் சொந்தமில்லை. தினமும் மாறி உட்காரச் சொல்கிற மேனேஜர் நல்ல மேனேஜர்.

சாப்பாட்டுக்கு வருவோம். கிளம்புவதற்கு முன் கொல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் ஒரு ஹாலில் கூட்டம் போட்டு எல்லாம் விளக்குவோம். அங்கே முக்கால்வாசிக் கேள்வி சாப்பாடும் வயிறும்தான். வங்காளிகள் 'அம்பல்' என்ற அமிலத் தொல்லைக்கு அஞ்சி ஜெலுசிலை டஜன் கணக்கில் கட்டுவார்கள். நம்மவர்களின் கவலை வேறு.

"ஏம்ப்பா, அங்கே தயிர் கிடைக்குமோல்லியோ?" என்றார் லேக் மார்க்கெட் மாமி ஒருவர்.

"எந்த சூப்பர் மார்க்கெட்டிலயும் கிடைக்கும் மாமி. சாதம்தான் ராத்திரி இந்தியன் ரெஸ்டாரண்ட்ல."

"அப்போ சின்ன குக்கர் எடுத்துண்டு வரேன், ரூம்லயே வெச்சுக்கறேன்."

"வேண்டவே வேண்டாம் மாமி. ஆவி பட்டாலே அலாரம் அடிச்சிடும். மொத்த ஓட்டலையும் நடுராத்திரி ரோட்டுக்கு இறக்கிடுவா."

ஓட்டலில் சமைக்கக் கூடாது, புகை எச்சரிக்கை மணி அடித்தால் அபராதமும் உண்டு. புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, தேன்குழல், பொரி இவை போதும். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: அது கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கவைப்பார்கள்.

கொல்கத்தாக்காரர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்கவேண்டும். முதலாவது சந்தேஷ் என்ற பால் இனிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. மகன் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கிறான் என்று நோலன் குர் (ஈச்ச வெல்லம்) சந்தேஷைப் பெட்டி பெட்டியாகக் கட்டுவார்கள். சுங்கத்தில் பிடித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். நம்ம வீட்டு நெய்யும் பால்கோவாவும் அதே கணக்குதான். இரண்டாவது இன்னும் ஆபத்து: கசகசா. வங்காளிக்கு ஆலு போஸ்தோ இல்லாமல் சோறு இறங்காது, நமக்குக் குருமா. ஆனால் ஓபியம் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். துபாயில் விமானம் மாறுகிறவர்களும் ஒரு பொட்டலம்கூட எடுத்துவராதீர்கள். மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மருந்து கைப்பையில், வாங்கிய அட்டையோடு, டாக்டர் சீட்டோடு இருக்கவேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் புரியாது. மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரையும் இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. இன்ஷூரன்ஸ் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் தர மறுக்க நீங்களே காரணம் எழுதிக்கொடுத்த மாதிரி. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பண விஷயம் கொஞ்சம்தான். டூர் விலையோடு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதன் விகிதம் அடிக்கடி மாறுகிறது, அன்றைய விகிதத்தைக் கேளுங்கள். இது செலவில்லை, யார் பான் எண்ணில் கட்டினீர்களோ அவர் கணக்கில் வரவு, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கணக்கே தாக்கல் செய்யாத பென்ஷன்காரர்கள்தான் இதை இழக்கிறார்கள். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா, உள்ளூர் பணமா என்று மெஷின் கேட்கும். உள்ளூர் பணம் என்றே அழுத்துங்கள்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

முதல் தடவை வெளிநாடு போகிறவர்களை நான் ஐரோப்பாவுக்கு அழைப்பதில்லை. பாங்காக் போய்வாருங்கள் என்பேன். கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரம்; பாஸ்போர்ட் வரிசை, கூட்டத்தோடு நடப்பது, காலை அலாரம் எல்லாம் அதில் பழகிவிடும். அங்கே போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 12-ம் தேதி 00.30 என்றிருந்தால் 11-ம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். மறுநாள் இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்கள் உண்டு. தாய்லாந்து போவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை 2025 மே முதல் கட்டாயம். சிங்கப்பூருக்கும் அதேபோல் ஒன்று. இவை இலவசம், பணம் கேட்கும் இணையதளம் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் சகாக்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பாங்காக்கில் ரத்தினக் கடை, தோல் கடை என்று பஸ் நிற்கிற இடங்கள் உங்களுக்காக அல்ல, கமிஷனுக்காக. உள்ளே போங்கள், ஏசியில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கல் வாங்கவேண்டிய கடமை எதுவும் இல்லை.

கூட்டத்தில் தொலைந்துபோனால் தேடி அலையாதீர்கள். கடைசியாக எங்களைப் பார்த்த இடத்திலேயே நில்லுங்கள், நாங்கள் வருவோம். ஓட்டல் அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகம் போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து ஊர் திரும்பத்தான் முடியும், மற்ற நாடுகளைப் பார்க்க முடியாது. பாரிஸ் மெட்ரோவிலும் ரோம் பஸ்ஸிலும் ஜேப்படிக்காரர்கள் நம் ஹௌரா ஸ்டேஷன் ஆட்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம், கடைசிக் கெடு 15 நாள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாகவும் இருக்கவேண்டும். பூஜைக்குப் போக நினைப்பவர்கள் ஜூனிலேயே விசா மனுவோடு கைரேகை கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் எனக்குப் போன் செய்து பயனில்லை.